முதல் தூண்டில் கோலைக் கட்டுகிறேன், நூல் சுற்றுவதில் உதவி தேவை

வணக்கம். பல ஆண்டுகளாகக் கடையில் வாங்கிய கோலில் மீன் பிடித்தவன், இம்முறை என் கையாலேயே ஒன்று கட்ட ஆசைப்பட்டு 7 அடி கிராஃபைட் தண்டு வாங்கியிருக்கிறேன். அடிமுனையைத் தரையில் ஊன்றி, நுனியை உள்ளங்கையில் தாங்கி, நடுவில் அழுத்தினால் தண்டு தானாகவே புரண்டு ஒரு பக்கமாக நிலைகொள்கிறது. முதன்முதலில் அதை உணர்ந்தபோது மெய்சிலிர்த்துவிட்டது! மீன்பிடி நரம்பு ஊடே செல்லும் வளையங்களை அதற்கேற்பப் பொருத்த, அந்தப் பக்கத்தைக் குறித்து வைத்துவிட்டேன்.

சிக்கல், அந்த வளையங்களைத் தண்டோடு சேர்த்து நூல் சுற்றிக் கட்டுவதில்தான். வளையத்தின் பாதத்தின் (தண்டில் படியும் அதன் கால்) மீது நூல் ஏறும் இடத்தில் இடைவெளி விழுகிறது. பாதத்தின் முனையை அரத்தால் சாய்வாகத் தேய்த்தேன். ஓரளவு பலன் உண்டு. ஆனாலும் மூன்றாம் நான்காம் சுற்றில் நூல் வழுக்கி இறங்குகிறது. இழுவிசை போதவில்லையா, இன்னும் மெல்லியதாகத் தேய்க்க வேண்டுமா?

அடுத்து, நூல்கட்டின் மேல் பூசும் எபாக்ஸி பிசின். பூச்சு இறுகும்வரை கோலைச் சுழற்றும் மோட்டார் என்னிடம் இல்லை. மூங்கில் துண்டொன்றில் பூசிப் பார்த்தேன். அடிப்பக்கம் சொட்டாகத் தொங்கி அப்படியே இறுகிவிட்டது, உள்ளே குமிழிகள் வேறு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை கையால் அரைச்சுற்றுத் திருப்பினால் போதுமா? எவ்வளவு நேரம் விடாமல் திருப்ப வேண்டும்? கெட்டியாக ஒரே பூச்சா, மெல்லியதாக இரண்டா?

வளையங்களின் எண்ணிக்கைக்கு, அடிக்கணக்கோடு ஒன்றைக் கூட்டும் வழக்கப்படி 8 வைத்திருக்கிறேன். ஸ்பின்னிங் ரீலுக்கான (கோலின் அடியில் தொங்கும், நரம்பு சுற்றும் உருளை) கோல் இது. கைப்பிடியை ஒட்டும் முன்பே வளையங்களின் இடத்தை முடிவுசெய்ய வேண்டுமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள். நீங்கள் சுற்றிய நூல்கட்டின் படம் ஒன்றை, நெருக்கத்தில் எடுத்து, இங்கே இட்டால் பேருதவியாக இருக்கும்.