எக்கோவைத் தாண்டி ஒருவர் கேட்ட கேள்வி

மாரடைப்பு வந்து, அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்து வீடு திரும்பிய முதல் இரண்டு மாதம் நான் நன்றாகத்தான் இருந்தேன், அதாவது ரிப்போர்ட்படி. பிரஷர் சரி, சர்க்கரை சரி. எக்கோ என்கிற இதய ஸ்கேனில் பம்பிங், அதாவது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும் ரத்தத்தின் அளவு, 38 சதவீதம். 55ஐ ஒட்டி இருக்க வேண்டியது, மருந்தில் ஏறும் என்றார் டாக்டர். ஆனால் வீட்டில் குளியலறைக் கதவைத் தாழ்போட விடமாட்டார்கள், வெளியே கிளம்பினால் மகன் பத்தடி பின்னாலேயே வருவான், ராத்திரி மனைவி என் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பது தெரிந்தும் தூங்குவதுபோலக் கிடப்பேன். எதற்கு இந்த உயிர் என்று சில நாள் மாத்திரையை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை அப்படி நிறுத்தினால் ஸ்டென்டிலேயே அடைப்பு வரலாம். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

அப்புறம்தான் இதய மறுவாழ்வுப் பயிற்சிக்குப் போனேன். அங்கே இருந்த பிசியோதெரபிஸ்ட் பெண் முதல் நாளே, "எக்கோ இருக்கட்டும் சார், உங்களுக்கு மறுபடியும் என்ன செய்ய ஆசை?" என்று கேட்டார். "தனியா ஒரு நடை போயிட்டு வரணும்" என்றேன், சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் அதைத்தான் என் அட்டையின் முதல் வரியாக எழுதினார். ஆறு நிமிட நடைச் சோதனையில் அன்று 290 மீட்டர், பன்னிரண்டு வாரம் கழித்து 410. நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது, அந்த வேகம் போதும் என்று சொல்லிக்கொடுத்தார். தூக்கம் வருகிறதா, எதிலாவது ஆர்வம் இருக்கிறதா என்றும் அவரே கேட்டார். மாத்திரை விஷயத்தை அவரிடம்தான் முதலில் சொன்னேன். மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வு நிறைய பேருக்கு வரும், அதற்கும் சிகிச்சை உண்டு என்று மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். மனைவியையும் ஒருநாள் வரச் சொல்லி, நான் டிரெட்மில்லில் நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வைத்தார். அன்றிலிருந்து தாழ்ப்பாள் என் கையில்.

பதில்:

ஐயா, பத்தடி பின்னால் நடக்கும் ஆள் நான். அம்மாவுக்கு இதயம் பலவீனமாகி மூன்று வருடம் ஆகிறது, மருந்து, உப்பு, தண்ணீர் அளவு எல்லாம் என் கணக்கில்தான். உங்கள் பதிவைப் படித்துவிட்டு என்ன ஆசை என்று நேற்று கேட்டேன். "ஒரு நாளாவது யாரும் உடம்பு எப்படி இருக்குன்னு கேக்காம இருக்கணும்" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. உடம்பில் நீர் தேங்கி மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே கூப்பிட டாக்டர் சொல்லியிருப்பதால் தினமும் காலையில் எடை பார்ப்பதை விட முடியாது. சரி, எடை எழுதும் நோட்டை அம்மாவிடமே கொடுத்துவிட்டேன், இன்று அவரே எழுதினார்.