லேப்பிங்குக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? 'இணையிழைப்பு' என்ற பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

லேப்பிங் (lapping: இரண்டு முகங்களுக்கு நடுவே பொடியை இட்டுத் தேய்த்து, முகத்தைத் துல்லியமான வடிவத்துக்குக் கொண்டுவருவது) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடி நம் குழுவுக்கு வந்த எல்லா மடல்களையும் படித்தேன். என் வேலையே அதுதான் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

> 'மெருகேற்றல்' என்று நல்ல சொல் இருக்கும்போது புதுச் சொல் எதற்கு?

அந்தச் சொல் போதாது ஐயா. பல்கலைக்கழகக் கருவிப் பட்டறையில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வெற்றிடக் கலம் ஒன்றுக்குத் திருப்பக்கூடிய மூடி செய்தோம். உள்ளங்கை அகல எஃகு வட்டு. இன்னொரு எஃகு முகத்தின் மேல் மெல்லிய கிரீஸ் படலத்தோடு அது வழுக்கித் திரும்ப வேண்டும், ஆனால் காற்று உள்ளே போகக் கூடாது. புதிதாகச் சேர்ந்த பையனிடம், "முகத்தை நன்றாக மெருகேற்றிக் கொண்டுவா தம்பி" என்று சொல்லிவிட்டு நான் லேத்துக்குப் போய்விட்டேன். அவனும் சொன்னபடியே துணிச் சக்கரத்தில் பிடித்து, முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி பளபளப்பாகக் கொண்டுவந்தான். நேர்விளிம்புச் சட்டத்தைக் குறுக்கே வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டு ஓரங்களிலும் ஒளி கசிகிறது. துணி ஓரங்களை உருட்டிவிட்டிருந்தது. பையன் மேல் குற்றமில்லை. நான் சொன்ன சொல்தான் தவறு.

லேப்பிங் செய்த முகம் பளபளக்காது. மங்கலான சாம்பல் நிறத்தில், மூச்சு விட்ட கண்ணாடி போல இருக்கும். மினுக்கம் அதன் நோக்கமே இல்லை. வடிவம்தான் நோக்கம்.

அந்த மூடியை மறுபடி எப்படிச் சரிசெய்தோம் என்று சொன்னால் விஷயம் விளங்கும். வார்ப்பிரும்புத் தட்டில் சிலிக்கன் கார்பைடு பொடியை எண்ணெயில் குழைத்துப் பூசினோம். வட்டைக் கவிழ்த்து, எட்டு எழுதுவது போலத் தட்டு முழுவதும் ஓட்டினோம். அவ்வப்போது வட்டைக் கால் திருப்பு திருப்பிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கை அழுத்தும் பக்கம் அதிகம் தேயும். முதலில் கரகரவென்று கேட்கும். பொடி உடைந்து நைசாக ஆக ஓசை அடங்கும், குழம்பு கறுக்கும். அப்புறம் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிட்டு அடுத்த நைஸ் பொடி. கழுவுவதில் மட்டும் சோம்பல் கூடாது. முந்தைய பொடியில் ஒரே ஒரு துகள் தங்கினாலும் நீளக் கீறல் விழுந்துவிடும்.

கடைசியில் தட்டைக் கண்ணாடியை மேலே வைத்து சோடியம் விளக்கில் பார்ப்போம். மங்கலான முகத்தில் குறுக்கீட்டுப் பட்டைகள் (இரண்டு முகங்களிலிருந்தும் திரும்பும் ஒளி சேர்வதால் தெரியும் இருளும் ஒளியுமான கோடுகள்) தெரியாது என்பதால், பார்ப்பதற்கு மட்டும் லேசாக மெருகு இடுவதுண்டு. மெருகுக்கு இங்கே அவ்வளவுதான் வேலை. சோடியம் ஒளியின் அலைநீளம் 589 நானோமீட்டர். ஒரு பட்டைக்கும் அடுத்ததற்கும் உள்ள உயர வேறுபாடு அதில் பாதி, அதாவது சுமார் 0.29 மைக்ரோமீட்டர். பட்டைகள் நேராகவும் சம இடைவெளியிலும் இருந்தால் முகம் தட்டை. வில்லாக வளைந்தால் இன்னும் வேலை பாக்கி. கைச்சூடு பட்டாலே பட்டைகள் வளையும். அதனால் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும்.

> அப்படியானால் 'சாணை பிடித்தல்'?

சாணையில் துகள்கள் கல்லோடு இறுகக் கட்டப்பட்டவை. வேகம் அதிகம், சூடும் அதிகம். லேப்பிங்கில் பொடி இரண்டு முகங்களுக்கு நடுவே தளர்வாகக் கிடக்கிறது. சில துகள்கள் உருளும், சில மென்மையான தட்டில் போய்ப் பதிந்துகொண்டு அங்கிருந்து கடினமான எஃகை வெட்டும். மென்மையானது கடினமானதைத் தேய்க்கிறது என்பதைப் புதியவர்கள் எளிதில் நம்புவதில்லை.

இந்த வேலையின் உயிர் வேறொன்று. ஒரு முகம் தன் வடிவத்தை இன்னொரு முகத்திடமிருந்து பெறுகிறது. தொலைநோக்கி ஆடி செய்ய ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடி வட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தேய்த்தால் மேலுள்ளது குழியும், கீழுள்ளது குவியும். இரண்டும் அச்சாகப் பொருந்தும், ஆனால் இரண்டுமே தட்டை அல்ல. அதனால்தான் சமதளம் வேண்டுமென்றால் மூன்று தட்டுகள் தேவை. அ-வை ஆ-வோடும், ஆ-வை இ-யோடும், இ-யை அ-வோடும் மாற்றி மாற்றிப் பொருத்தும்போது, மூன்றும் தட்டையாக இருந்தால் மட்டுமே எல்லா இணைகளும் ஒட்டி உட்காரும். (ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1840-இல் இதற்குத் தேய்ப்பதை விட்டுவிட்டுச் சுரண்டி எடுக்கும் முறையைப் பரிந்துரைத்தார். அது வேறு கலை.)

முகம் தட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1880-களில் இயற்பியலாளர் ஹென்றி ரோலண்ட் கீற்றணி (ஒளியை நிறங்களாகப் பிரிக்க நெருக்கமாகக் கோடு கீறிய தகடு) வரையும் பொறிக்குத் திருகு செய்தது இதே வழியில்தான். நீளமான மரையை (நட்டை) நெடுக்கில் நான்காகப் பிளந்து, திருகைச் சுற்றி இறுக்கி, எமரிப் பொடியும் எண்ணெயும் விட்டு முன்னும் பின்னும் ஓட்டித் தேய்த்தார்கள். மரை நீளமாக இருந்ததால் ஒவ்வொரு புரியின் பிழையும் மற்ற புரிகளோடு சராசரியாகிக் கரைந்தது. அந்தப் பொறியால் அங்குலத்துக்கு 14,438 கோடுகள் கொண்ட கீற்றணிகளை வரைய முடிந்தது. ரோலண்டின் பட்டறைக் கலைஞர் தியோடர் ஷ்னைடரின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

சரி, சொல்லுக்கு வருவோம். 'உராய்தல்' இயற்பியலில் உராய்வுக்குப் போய்விட்டது. 'தேய்மானம்' நாம் விரும்பாமல் நடப்பது. 'அரைத்தல்' என்றால் பொருளே பொடியாகிவிடும். என் மனம் 'இழைத்தல்' பக்கமே போகிறது. சந்தனக் கட்டையைக் கல்லில் நீர் விட்டு இழைக்கிறோம்: இரண்டு முகங்கள், நடுவே ஈரம், மெதுவான கைச்சுற்று. மணி இழைத்த நகை என்கிறோம். அங்கே இழைத்தல் பதித்தல். பொடி தட்டில் பதிவதற்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? குரல் சுருதியோடு இழைகிறது என்றும் சொல்கிறோம். இரண்டு முகங்கள் ஒன்றில் ஒன்று உட்கார்ந்துவிட்டால் 'இழைந்துவிட்டது' என்று சொல்லலாம்.

தச்சர் இழைப்புளியால் செய்வதும் இழைப்புதானே என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பிரித்துக் காட்ட முன்னொட்டு வேண்டும். முதலில் 'ஒப்பிழைப்பு' என்று எழுதிப் பார்த்தேன். வாய்விட்டுச் சொன்னால் 'பிழைப்பு' காதில் விழுகிறது, அதனால் விட்டுவிட்டேன். 'இணையிழைப்பு' சொல்ல எளிது. இணைமுகம் இல்லாமல் இது நடக்காது என்பதும் சொல்லிலேயே வந்துவிடுகிறது.

ஒளியிழையோடு குழம்பாதா என்றால், 'இணையிழை' என்று வெட்டி எழுதினால் குழம்பும். நாம் மடல் தொடரைக்கூட இழை என்றுதான் சொல்கிறோம். ஆகவே 'இழைப்பு', 'இழைத்தல்' என்று தொழிற்பெயராகவே முழுதாக எழுதுவோம்.

கூடவே வரும் சொற்களுக்கு என் பரிந்துரை: தட்டுக்கு 'இழைதட்டு', குழைத்த பொடிக்கு 'இழைசாந்து', தட்டில் பொடி பதிய வைப்பதற்குப் 'பொடியேற்றல்'. பட்டறையில் இப்படிப் புழங்கும்: "இழைதட்டில் பொடியேற்றி, மூடியின் முகத்தை இரண்டு பட்டைக்குள் இணையிழைத்துக் கொடு."

வேலைச் சீட்டுகளில் இன்றிலிருந்து இதையே எழுதிப் பார்க்கிறேன். கண்ணாடி ஊதும் நண்பர்கள் யாராவது குழுவில் இருந்தால், குழாய் மூடியின் அடைப்பானை அதன் உறையோடு தேய்த்துப் பொருத்துவதற்கு உங்கள் கைப்பேச்சில் என்ன சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள். இதைவிட நல்ல சொல் உங்களிடம் இருந்தால் என் பரிந்துரையை எடுத்துவிடலாம்.

அன்புடன்