கொன்பரன்ஸில ஆரோ கேட்டு இன்னும் மனசுக்கை நிக்கிற கேள்வி உங்களுக்கும் இருக்கோ?

செவ்வரத்தை:
பைனல் இயர் புரொஜெக்ட், சாயச் சூரியக்கலம்தான், சாயம் வெளிச்சத்தை உறிஞ்சிக் கரண்ட் தாற சோலார் செல், எங்கட வேலியில பூத்த செவ்வரத்தம்பூவை அவிச்சு எடுத்த சாயம். போஸ்டர் செஷனில ரெண்டு மணித்தியாலமா ஆக்கள் வருகினம் போகினம், நானும் இங்கிலிஷில பாடமாக்கினதை ஒப்புவிச்சுக்கொண்டு நிக்கிறன். கடைசியா ஒரு வயசான சேர், எங்கட ஊர் ஆள், வெளிநாட்டில கனகாலம் படிப்பிச்சவராம், கண்ணாடியை நெத்திக்கு ஏத்திப்போட்டு வரைபுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனார். "பிள்ளை, பாண்ட் கப் எண்டு எழுதியிருக்கிறீர், அது என்னெண்டு ஒருக்காத் தமிழில சொல்லும் பாப்பம்." ஏ எல் முழுக்கத் தமிழில படிச்சனான். 'சக்தி இடைவெளி' எண்டன். "அது பேர். என்னது எண்டு கேட்டனான்." அவர் பாத்துக்கொண்டு நிக்கிறார், நான் விரல் நுனியில ஊறிக்கிடந்த ஊதாக் கறையைச் சுரண்டிக்கொண்டு நிக்கிறன். "ஆறுதலா யோசியும்" எண்டிட்டுப் போயிட்டார். ரெண்டு வருசமாகுது.

முகில்:
தங்கச்சி, உது தமிழ் இங்கிலிஷ் பிரச்சினை இல்லை, விளங்கியிருந்தா எந்த மொழியிலயும் வந்திருக்கும். கோவிக்காதேங்கோ, எனக்கு நடந்ததாலதான் சொல்லுறன். எனக்கு ஓரல், மேடையில நிண்டு பேசுறது, 12 நிமிசம், பெல் அடிச்சாச்சு. நானும் சோலார் செல்தான், வெயிலுக்கை வைச்சு அளந்தது. ஒரு மிஸ் எழும்பி, "அந்த நேரம் வெயில் எவ்வளவு எண்டு அளந்தனீரோ?" சதுர மீற்றருக்கு 1000 வாற் வெளிச்சத்தில அளந்தாத்தான் மற்றவையின்ர பெறுமானத்தோட ஒப்பிடலாம், அதை ஸ்லைட்டிலயே போட்டிருந்தனான். ஆனா அண்டைக்கு முகில் வந்து வந்து போனது, ஒரேயொருக்காத்தான் அளந்தனான். "ஓம் மிஸ், அளந்தனான்" எண்டு சொல்லிப்போட்டன். அவ தலையாட்டிப்போட்டு இருந்திட்டா. ஆரும் ஒண்டும் கேக்கேல்ல. அந்த 'ஓம்' தான் இன்னும் நித்திரைக்கை வருது.

பழைய பட்ச்:
என்ர கதை சின்னன். பேராதனைக்குப் போகேக்க இரவு பஸ்ஸில போஸ்டருக்கு மேல ஆரோ அரிசி மூட்டையை ஏத்தி வைச்சிட்டினம், மடிப்போடயே ஒட்டினனான். ஆனா இனிப் போற பிள்ளையள் இதைக் கேளுங்கோ. அப்ஸ்ராக்ட் புத்தகத்தை, அதான் எல்லாப் பேச்சின்ர சுருக்கமும் இருக்கிறதை, முதல் நாள் இரவே எடுத்து மூண்டு பேச்சுக்காவது கோடு போடுங்கோ, அதில ஒண்டு உங்கட பாடத்துக்குச் சம்பந்தமில்லாததா இருக்கட்டும். பிரெண்டின்ர பேச்சுக்குக் கை தட்டிப்போட்டு கன்ரீனுக்கு ஓடாதேங்கோ, பக்கத்து ஹோலில ஆரோ வெண்குள்ளனைப் பற்றி, அதான் எரிஞ்சு முடிஞ்ச நட்சத்திரத்தின்ர மிச்சத்தைப் பற்றி, கதைச்சுக்கொண்டிருப்பினம். கீநோட்டில, அதான் பிரதான பேச்சில, முதல் பத்து நிமிசம் எல்லாருக்கும் விளங்கும், பேந்து விளங்காட்டியும் எழும்பாதேங்கோ, எந்த இடத்தில விளங்காமப் போச்சு எண்டு குறிச்சு வையுங்கோ. ரீ குடிக்கிற நேரம் பெரியாக்கள் கையில வடையோட நிப்பினம், அப்ப போய்க் கேளுங்கோ, கோவிக்க மாட்டினம். போஸ்டரை ரெண்டு நிமிசத்தில சொல்லப் பழகுங்கோ, வரைபில அலகு போட மறக்காதேங்கோ. தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லுங்கோ.

கிரகணம்:
2019 டிசம்பர் 26 இஞ்ச யாழ்ப்பாணத்தில வளையச் சூரியகிரகணம் பாத்திட்டுத்தான் நான் பௌதிகவியலுக்கே வந்தனான். முகில் அண்ணை, பெரியாக்கள் கேட்டவுடன நடுங்கத் தேவையில்லை. 1935 ஜனவரி லண்டனில வானியல் கழகக் கூட்டம், சந்திரசேகருக்கு 24 வயசு, வெண்குள்ளனுக்கு ஒரு திணிவு எல்லை இருக்கு, அதுக்கு மேல போனா வெண்குள்ளனா நிலைக்கேலாது எண்டு சொல்லிப்போட்டு இருக்கிறார், அடுத்ததா எழும்பின எடிங்ரன், அப்ப பேர்பெற்ற வானியலாளர், எல்லாருக்கும் முன்னால அதை நக்கலடிச்சுத் தள்ளிப்போட்டார். கடைசியில ஆர் சரி? சந்திரசேகர்தான். அந்த எல்லை சூரியனின்ர திணிவைப்போல கிட்டத்தட்ட 1.4 மடங்கு, இண்டைக்கும் அது அவரின்ர பேரிலதான் இருக்கு. 1983இல நோபல். எனக்கும் கீநோட் முடிய மைக் பக்கத்துக் கதிரை வரை வந்தது, பாதி தூக்கின கையை இறக்கிப்போட்டன். அந்தக் கேள்வி இன்னும் கொப்பியில கிடக்கு.

முகில்:
தம்பி, நீர் சொல்லுறது வேற. சந்திரசேகர் கணக்குச் செய்துபோட்டு நிண்டவர். நான் அளக்காததை அளந்தனான் எண்டவன். அந்த மிஸ்ஸில ஒரு பிழையும் இல்லை. போன மாசம் அதே செல்லை எடுத்து, பக்கத்தில வெளிச்சமானியும் வைச்சு, பத்துத்தரம் அளந்தனான். முந்திச் சொன்னதிலும் குறைவாத்தான் வந்தது, அளவீட்டில எவ்வளவு வழு வரலாம் எண்டதையும் சேத்து அந்த மிஸ்ஸுக்கு மெயில் போட்டிருக்கிறன்.

செவ்வரத்தை:
முகில் அண்ணா சொன்னது சரி, எனக்கு விளங்கியிருக்கேல்ல. பாண்ட் கப் என்னெண்டு இப்ப கேட்டா இப்பிடிச் சொல்லுவன்: இலத்திரன் மதிலுக்கு இஞ்சால நிக்குது, அங்கால விழுந்தாத்தான் ஓடலாம், வெளிச்சம் வந்து தூக்கிவிடோணும், மதிலின்ர உயரத்துக்குக் குறைவாத் தூக்கினா எத்தினை தரம் தூக்கினாலும் திரும்ப இஞ்சாலதான் விழும். சிலிக்கனுக்கு அந்த மதில் 1.12 இலத்திரன்வோல்ற்று, அது சக்தியை அளக்கிற ஒரு சின்ன அலகு. நேற்றுக் குசினிக்கை நிண்டு அம்மாவுக்கு இதைச் சொன்னன். தேங்காய் துருவிக்கொண்டே, "அப்ப மதிலில ஏறி இருக்கேலாதோ அதுக்கு?" எண்டு கேட்டா. அதுக்கு என்ன சொல்லுறது எண்டு இப்ப யோசிச்சுக்கொண்டிருக்கிறன்.