பொருள்: "மாஸ்டர்ஸ்" என்பதற்கு மூலப்பதிவா, தாய்ப்பதிவா?

அன்புள்ள குழுவினருக்கு,

வெகுஜன இசைக்கு வெளியே இயங்கும் அண்டர்கிரவுண்டு இசை பற்றிய பாட்காஸ்ட் பேச்சுகளை எழுத்தில் கொண்டுவரும்போது அதிகம் இடறுவது "மாஸ்டர்ஸ்". "மாஸ்டரை லேபிள்காரங்க (இசையை வெளியிடும் நிறுவனத்தார்) வாங்கிட்டாங்க" என்று அப்படியே எழுதினால், நம் ஊரில் டீ மாஸ்டரையோ பரோட்டா மாஸ்டரையோதான் நினைப்பார்கள். இதுவரை "மூலப்பதிவு" என்று போட்டோம். அதிலும் சிக்கல். ட்ரம்ஸ், கிட்டார், குரல் எனத் தனித்தனியாக முதலில் பதிந்ததுதான் மூலம் என்று படிப்பவர் எடுத்துக்கொள்கிறார். அது மல்டிட்ராக். அதைக் கலந்தால் மிக்ஸ். மிக்ஸைச் சீராக்கி முடித்தது மாஸ்டர். கேசட்டோ ஸ்ட்ரீமிங்கோ, பிரதிகள் எல்லாம் அதிலிருந்துதான். கிருஷ்ணகிரி நாற்றங்கால்களில் ஒட்டுக்குச்சி வெட்டும் மாவைத் தாய்மரம் என்கிறோமே, அந்தக் கணக்கில் "தாய்ப்பதிவு" என்று வைக்கலாமா?

— தருமபுரி

> தாய்ப்பதிவு என்று வைக்கலாமா?

கோப்புக்குப் பொருந்தும். ஆனால் ஒப்பந்தப் பேச்சில் மாஸ்டர்ஸ் என்றால் கோப்பு இல்லை ஐயா, உரிமை. ஹார்டு டிஸ்க் இசைக்குழுவின் வீட்டிலேயே கிடக்கும், உரிமை லேபிளிடம் போயிருக்கும். ஆகவே அங்கே "தாய்ப்பதிவு உரிமை" என்று முழுசாக எழுத வேண்டும். வெறும் "பதிவுரிமை" வேண்டாம், சார்பதிவாளர் அலுவலக வாடை அடிக்கிறது.

1957 பதிப்புரிமைச் சட்டத்தில் ஒலிப்பதிவு தனிப் படைப்பு. அதன் முதல் உரிமையாளர் தயாரிப்பாளர், அதாவது பதிவு உருவாக முன்கை எடுத்துப் பொறுப்பேற்றவர். வெளியானபின் 60 ஆண்டு செல்லும். இங்கே இன்னொரு குழி: ஹிப்ஹாப் பேச்சில் பீட் (பாட்டுக்கான தாளப் பின்னணி) செய்பவரையும் "புரொடியூசர்" என்பார்கள். அவரைத் தயாரிப்பாளர் என்று எழுதினால் சட்டப்படி உரிமையையே தூக்கிக் கொடுத்ததாகிவிடும். "பீட் அமைப்பாளர்" போதும்.

அடுத்தது "பப்ளிஷிங்". பதிப்பு என்று எழுதாதீர்கள், புத்தகம் போட்டதுபோல இருக்கிறது. அது மெட்டு, வரி இரண்டின் மேலுள்ள உரிமை. படைத்தவர் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டும். "பாட்டுரிமை" என்கிறேன்.

— ஓசூர்

> "பாட்டுரிமை" என்கிறேன்

வெறும் ஓசையாலும் ஒலிச்சூழலாலும் ஆன நாய்ஸ், ஆம்பியன்ட் இசையில் பாட்டு எங்கே இருக்கிறது? "மெட்டுரிமை" என்றால் வரி எழுதியவர் விடுபடுகிறார். "ஆக்க உரிமை" இரண்டையும் தாங்கும்.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தால்தான் சொல் நிற்கிறதா என்று தெரியும்:

கவர் பாட, அதாவது இன்னொருவர் பாட்டை நாமே புதிதாகப் பாடிப் பதிய, ஆக்க உரிமைக்கு மட்டும் அனுமதி தேவை. பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவே அதற்கு உரிமம் தருகிறது, ஆனால் முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கு ராயல்டி கட்ட வேண்டும். இருநூறு கேசட் போடும் குழுவுக்கு அது கட்டுப்படியாகாது, உரிமையாளரிடம் நேரே பேசுவதே வழி.

சாம்பிள் எடுக்க, அதாவது பிறர் பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டி நம் பாட்டில் சேர்க்க, தாய்ப்பதிவு உரிமை, ஆக்க உரிமை இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் வாங்கிவிட்டு வெளியிடுவதால்தான் பாட்டைத் தளங்களிலிருந்து இறக்குகிறார்கள்.

டெய்லர் ஸ்விஃப்டின் தாய்ப்பதிவுகள் 2019இல் கைமாறின. 2021 முதல் அதே பாடல்களை மறுபடி பதிந்து வெளியிட்டார். தாய்ப்பதிவு புதிது, ஆக்கம் பழையதே. அதனால் 12 எழுத்தெண் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீடு ஒவ்வொரு பதிவுக்கும் வேறு; ஆக்கத்துக்கான ஐஎஸ்டபிள்யூசி ஒன்றே.

மூன்றிலும் சொல் இடறவில்லை.

— அரூர்

சரி, "தாய்ப்பதிவு உரிமை", "ஆக்க உரிமை" இரண்டையும் ஏற்கிறேன். மிக்ஸைச் சீராக்கும் கடைசி வேலையான "மாஸ்டரிங்" அப்படியே இருக்கட்டும். "மாஸ்டரிங்குக்கு 24 பிட் வேவ் அனுப்பு, மிக்ஸில் லிமிட்டர் போடாதே" என்றுதான் ஸ்டுடியோவில் பேசுகிறார்கள். ஒலியின் உச்சங்களை லிமிட்டரால் நசுக்கி அனுப்பிய மிக்ஸை விரிக்க முடியாது என்ற காரணமும் அந்தச் சொல்லோடே அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. அதை மாற்றுவது வீண் வேலை.

அண்டர்கிரவுண்டுக்கு "நிலத்தடி இசை" என்று யாரோ முன்பு எழுதியிருந்தார்கள். தருமபுரியில் நிலத்தடி என்றால் ஃபுளோரைடுதான் ஞாபகம் வரும், விடுங்கள்.

மீதி இருப்பது "ரீகூப்". லேபிள் கொடுத்த முன்பணம் ராயல்டியில் கழிந்து முடியும்வரை கலைஞர் கைக்கு ராயல்டி வராது. "முன்பணக் கழிப்பு" என்று எழுதிவைத்திருக்கிறேன். "பிடித்தம்" என்றால் சம்பளப் பிடித்தம்போல மாதாமாதம் ஒரு பகுதி மட்டும் போவதாகத் தோன்றும். ஓசூர் அண்ணன் என்ன சொல்கிறார்?

— தருமபுரி