காலையில் பாடுகிறது, மதியம் துப்புகிறது: நானே கட்டிய ஃபஸ் பெடலுக்கு என்ன கோளாறு?

கோட்டைவெளி | மே 9, பிற்பகல் 3.40

எல்லோருக்கும் வணக்கம். வேலூரிலிருந்து எழுதுகிறேன். நான் கட்டிய முதல் பெடல் இது, மின்கிட்டாரின் ஒலியை முரடாக்கும் ஃபஸ் பெட்டி. 1966-இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ் சர்க்கியூட்தான்: இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கண்டென்சர், இரண்டு திருகு குமிழ். இதைவிட எளிய பெடல் இல்லை என்று நம்பித்தான் இறங்கினேன். மூலத்தில் இருந்த என்.கே.டி. 275 டிரான்சிஸ்டர் எங்கும் கிடைக்கவில்லை. சென்னை ரிச்சி தெருவில் ஒரு பழைய கடையில் ஏ.சி. 128 நான்கு கிடைத்தன. இரண்டு ரகமும் ஜெர்மானியத்தால் ஆனவை, இரண்டும் ஒரே பி.என்.பி. வகை என்பதால் வாங்கிவிட்டேன்.

விடியற்காலை ஐந்து மணிக்கு வாசித்தால் நான் கனவு கண்ட அதே ஒலி. பதினொரு மணிக்கு மேல் சுரத்தின் வால் அறுந்துபோகத் தொடங்குகிறது. மூன்று மணிக்குக் கம்பியை ஓங்கி அடித்தால்தான் 'பட்'டென்று ஒரு துப்பல், பிறகு மௌனம். இரவு பத்து மணிக்கு மேல் ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி பாடுகிறது. பேட்டரி புதியது, எந்த வேளையில் அளந்தாலும் 9.0 வோல்ட். கேபிள், ஆம்ப், கிட்டார் மூன்றையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். என் அறை மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருக்கிறது. "அதற்கும் வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது" என்று அம்மா கேலி செய்கிறார்.

ஆறுகம்பி | மே 9, மாலை 5.15

நண்பரே, கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், சால்டர் சரியாகப் பிடிக்காத இணைப்பு. சூட்டில் விரிந்து விலகும், குளிர்ந்தால் ஒட்டிக்கொள்ளும். எல்லாப் புள்ளிகளையும் ஒருமுறை சூடுகாட்டி மறுபடி ஈயம் வையுங்கள். எனக்கு ஒரு டிலே பெடலில் இதே கதைதான்.

கோட்டைவெளி | மே 9, மாலை 6.02

ஆறு முறை வைத்துவிட்டேன். இரண்டு இடங்களில் போர்டின் செம்புப் பட்டையே உரிந்து, கம்பி போட்டு ஒட்டுப்போட்டிருக்கிறேன். ஏழாவது முறைக்கு போர்டு தாங்காது.

பழையரேடியோ | மே 9, இரவு 8.30

தம்பி, சால்டரிங் இரும்பைக் கீழே வையுங்கள். அளக்காமல் சூடுகாட்டுவது, நாடி பார்க்காமல் ஊசி போடுவதுபோல.

மல்டிமீட்டரின் கறுப்பு முனை எர்த்தில், சிவப்பு முனை அளக்கும் இடத்தில். உங்களுடையது பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனையே எர்த் என்பதால் எல்லா அளவும் மைனஸில் வரும், பயப்பட வேண்டாம். டிரான்சிஸ்டருக்குப் பேஸ், கலெக்டர், எமிட்டர் என்று மூன்று கால்கள். ஃபஸ் குமிழை முழுவதும் ஏற்றிவிட்டு மூன்று இடங்களை அளங்கள்: முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டர், இரண்டாவதன் கலெக்டர், இரண்டாவதன் எமிட்டர். விடியற்காலை ஒருமுறை, நன்றாக இருக்கும்போதே. மதியம் ஒருமுறை, செத்துக் கிடக்கும்போது. அறையின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். அளக்கும்போது டிரான்சிஸ்டரை விரலால் தொட வேண்டாம்.

கோட்டைவெளி | மே 10, பிற்பகல் 3.25

ஐயா, சொன்னபடி அளந்தேன்.

காலை 5.10, அறை 27 டிகிரி: முதல் கலெக்டர் −0.56, இரண்டாவது கலெக்டர் −5.2, இரண்டாவது எமிட்டர் −0.44.

பிற்பகல் 3.10, அறை 41 டிகிரி: −0.2, −7.8, −0.14.

பழையரேடியோ | மே 10, இரவு 9.05

இந்த ஆறு எண்களே போதும். இரண்டாவது டிரான்சிஸ்டரின் எமிட்டருக்கும் எர்த்துக்கும் நடுவே இருப்பது ஒரு கிலோ ஓம் குமிழ். காலையில் அங்கே 0.44 வோல்ட், ஆகவே ஓடுவது 0.44 மில்லி ஆம்பியர். ஏறத்தாழ அதே மின்னோட்டம்தான் அதன் கலெக்டரில் தொடராக இருக்கும் 8.2 கிலோ, 470 ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டின் வழியாகவும் போகிறது. 0.44-ஐ 8.67-ஆல் பெருக்கினால் 3.8. ஒன்பதில் கழித்தால் 5.2. நீங்கள் அளந்ததும் 5.2. மதியம்: 0.14 பெருக்கல் 8.67, அது 1.2. ஒன்பதில் போனால் 7.8. அதுவும் ஒத்துவருகிறது.

இணைப்பு விட்டுப்போயிருந்தால் இந்தக் கணக்கு ஒரு வேளையாவது உதைத்திருக்கும். உங்கள் ஈயம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆறு முறையும் வீண் வேலை. குற்றவாளி முதல் டிரான்சிஸ்டர்.

ஜெர்மானிய டிரான்சிஸ்டருக்கு ஒரு பிறவிக்குணம் உண்டு. பேஸில் மின்னோட்டமே கொடுக்காவிட்டாலும் கலெக்டர் வழியாகக் கொஞ்சம் ஒழுகும். மூடிய குழாய் சொட்டுவதுபோல. எட்டு முதல் பத்து டிகிரி ஏறினால் அந்த ஒழுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகும். உங்கள் அறையில் காலைக்கும் மதியத்துக்கும் பதினான்கு டிகிரி வித்தியாசம், ஆகவே கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டர் தொங்குவது 33 கிலோ ரெசிஸ்டரில். அதன் வழியாக வரக்கூடியதே கால் மில்லி ஆம்பியர்தான். ஒழுக்கு மட்டுமே கால் மில்லியைத் தொட்டுவிட்டால்? டிரான்சிஸ்டர் தானாகவே முழுக்கத் திறந்துகொள்கிறது. அதன் கலெக்டர் எர்த்தை நோக்கிச் சரிகிறது. அந்த வோல்டேஜை நம்பியிருக்கும் இரண்டாவது டிரான்சிஸ்டர் பட்டினி கிடக்கிறது. 4.5-க்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய அதன் கலெக்டர் 7.8-இல் போய் ஒட்டிக்கொள்கிறது. சிறிய சிக்னல் எதையும் அசைக்க முடியாது. ஓங்கி அடித்தால் மட்டும் ஒரு துப்பல். நீங்கள் எழுதிய அறிகுறியும் அதுவேதான்.

ஏ.சி. 128 போட்ட ரேடியோக்களை நிறையப் பிரித்தவன் நான். அவற்றின் அவுட்புட் பகுதியில் ஒரு தெர்மிஸ்டர், அதாவது சூட்டுக்கேற்பத் தடை மாறும் ரெசிஸ்டர், உட்கார்ந்திருக்கும், சூடு ஏறினால் டிரான்சிஸ்டரைத் திறந்துவைக்கும் பயாஸ் மின்னழுத்தத்தைக் குறைக்க. அந்தக் காலத்து வடிவமைப்பாளர்களுக்கு இந்த நோய் நன்றாகத் தெரியும். ஃபஸ் ஃபேஸில் அந்தக் காவல் இல்லை. லண்டன் குளிரில் பிறந்த சர்க்கியூட் அது, வேலூர் மே மாதத்தைக் கனவிலும் கண்டிருக்காது. உங்கள் அம்மா சொன்னது கேலியில்லை, நோயின் பெயர்.

ஆறுகம்பி | மே 10, இரவு 9.40

என் சால்டர் ஆலோசனையைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் 8.2 கிலோவுக்குப் பதிலாக ஒரு டிரிம்மர் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) போட்டு, மதியம் 4.5-க்குத் திருகிவிட்டால் முடிந்ததல்லவா? பேட்டரியையும் எடுத்துவிட்டு மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் போடலாமே.

பழையரேடியோ | மே 10, இரவு 10.10

அடாப்டரை முதலில் மறந்துவிடுங்கள். மற்ற பெடல்களில் எர்த் என்பது நெகட்டிவ், இதில் பாசிட்டிவ். கேபிளின் வெளிப்பின்னல் எல்லாப் பெடல்களின் எர்த்தையும் ஒன்றாக இணைக்கிறது. ஒரே அடாப்டரில் மாட்டினால் அதன் இரண்டு முனைகளும் நேராக முட்டிக்கொள்ளும், ஷார்ட்டுதான். இதற்கென்று தனி பேட்டரி, அல்லது தனித்துப் பிரிக்கப்பட்ட ஒரு சப்ளை.

டிரிம்மர் போடலாம். ஆனால் 0.14 மில்லி ஆம்பியரில் 4.5 வோல்ட் விழ வேண்டுமென்றால் 32 கிலோ தேவை. மதியத்துக்கு அப்படி வைத்தால் விடியற்காலை கலெக்டர் தரையில் படுத்துவிடும். தினமும் இரண்டு முறை ஸ்குருடிரைவர் எடுப்பதற்கா பெடல்?

கோட்டைவெளி | மே 10, இரவு 10.30

ஐயா, வாங்கும்போது மல்டிமீட்டரின் டிரான்சிஸ்டர் துளையில் போட்டுப் பார்த்துத்தான் எடுத்தேன். கெயின், அதாவது பெருக்கும் திறன், முதலாவதில் 70-க்குப் பக்கத்தில், இரண்டாவதில் 120-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று படித்திருந்தேன். அப்படியே அமைந்தன.

பழையரேடியோ | மே 11, காலை 6.15

அந்தத் துளை ஒழுக்கையும் கெயினோடு சேர்த்துக் கூட்டிச் சொல்லும். இப்படிச் செய்யுங்கள். எமிட்டரை 9 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவில் இணையுங்கள். கலெக்டரிலிருந்து நெகட்டிவுக்கு 2.2 கிலோவும் 270 ஓமும் தொடராக. மீட்டரை அந்த இரண்டின் குறுக்கே வையுங்கள். பேஸைத் திறந்துவிட்டு, விரல் சூடு ஆறும்வரை ஒரு நிமிடம் பொறுத்து அளந்தால் கிடைப்பது ஒழுக்கு. பிறகு பேஸிலிருந்து நெகட்டிவுக்கு 2.2 மெகா ஓம் இணைத்து மறுபடி அளங்கள். பேஸுக்குள் போவது நான்கு மைக்ரோ ஆம்பியர். இரண்டாவது அளவில் முதலாவதைக் கழித்து நூறால் பெருக்கினால் உண்மையான கெயின்.

வேடிக்கை பார்க்க வேண்டுமானால், பேஸ் திறந்திருக்கும்போது டிரான்சிஸ்டரை இரு விரல்களால் பிடித்துக்கொண்டு மீட்டரைப் பாருங்கள்.

கோட்டைவெளி | மே 11, காலை 7.50

விரல் வைத்ததும் எண் ஏறிக்கொண்டே போகிறது, நிற்கவேயில்லை! தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இப்போது முதல் டிரான்சிஸ்டரில் இருப்பதற்கு ஒழுக்கு 0.22 வோல்ட், மொத்தம் 0.72. அதாவது நான் 72 என்று நம்பியதில் 22 பொய், உண்மை 50. இரண்டாவதில் இருப்பது: 0.12, 1.18. மீதி இரண்டில் ஒன்று 0.41 ஒழுகுகிறது. இன்னொன்று 0.06-தான், மொத்தம் 0.78.

பழையரேடியோ | மே 11, காலை 8.20

கடைசியாகச் சொன்னதுதான் உங்களுக்கு வேண்டியது. கெயின் 72, ஒழுக்கு ஏறத்தாழ 24 மைக்ரோ ஆம்பியர். மதியம் மூன்று மடங்கானாலும் 75-ஐத் தாண்டாது. பழையதோ காலையிலேயே 90 மைக்ரோ ஆம்பியர் ஒழுகுகிறது. மாற்றுங்கள். ஈயம் வைக்கும்போது டிரான்சிஸ்டரின் காலை ஒரு முதலைக் கிளிப்பால் கவ்விப் பிடியுங்கள், ஜெர்மானியம் சூட்டில் சீக்கிரம் செத்துவிடும். முடிந்தால் சாக்கெட் வைத்துவிடுங்கள்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது மீட்டரை டையோடு நிலையில் வைத்துப் பேஸ், எமிட்டர் பாருங்கள். 0.2, 0.3 காட்டினால் ஜெர்மானியம். 0.6 காட்டினால், மேலே என்ன அச்சிட்டிருந்தாலும் உள்ளே சிலிக்கான்.

ஆறுகம்பி | மே 11, காலை 11.00

எனக்கு இந்தத் தலைவலியே வேண்டாம், முதலாவதில் மட்டும் சிலிக்கான் பி.என்.பி. போட்டால் ஓடுமா?

பழையரேடியோ | மே 11, பிற்பகல் 1.30

ஓடும், பலரும் செய்வதுதான். ஒழுக்கு இல்லாததுபோலவே இருக்கும். ஆனால் சிலிக்கானின் பேஸ் 0.6 வோல்ட் கேட்கும், அதனால் இரண்டாவது டிரான்சிஸ்டரில் மின்னோட்டம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 8.2 கிலோவை அப்படியே விட்டால் கலெக்டர் 2 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். அங்கே 4.7 அல்லது 5.6 கிலோ போடுங்கள். ஆர்பிட்டர் பெடலிலேயே பிற்பாடு பி.சி. 108 சிலிக்கான் வந்தது. கிட்டார் வால்யூமைக் குறைத்தால் ஜெர்மானியம் தெளிவதுபோல் அது தெளியாது என்பது என் காது சொல்வது. சண்டைக்கு வர வேண்டாம்.

கோட்டைவெளி | மே 12, பிற்பகல் 3.30

மாற்றிவிட்டேன், சாக்கெட்டோடு. காலையில் −5.2 வந்தது. 8.2 கிலோவை எடுத்து 10 கிலோ போட்டேன், −4.5-க்கு வந்து நின்றது. இதோ இப்போது அறை 41 டிகிரி, கலெக்டர் −5.3. காலைக்கும் இப்போதைக்கும் ஒலியில் வித்தியாசம் தெரிகிறது, மதியம் கொஞ்சம் முரடு. ஆனால் வால் அறுபடவில்லை. ஐயா, மிக்க நன்றி. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், "நான் அப்போதே சொன்னேனே" என்று மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

உதகைப்பனி | மே 12, மாலை 6.45

முழுவதும் படித்தேன். நானும் ஏ.சி. 128-தான் போட்டிருக்கிறேன், ஒருநாளும் இந்தத் தொல்லை வந்ததில்லை. இங்கே மே மாதத்திலும் மாலையில் ஸ்வெட்டர்தான். கோட்டைவெளி, அந்த 0.22 ஒழுகும் டிரான்சிஸ்டரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். தபால் செலவை நான் தருகிறேன், இங்கே அனுப்பிவிடுங்கள்.