மருந்துக்குப் பின் மீண்டும் உயரும் இஆர்கே சமிக்ஞையை அளவிட உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். செல்களின் சமிக்ஞைப் பாதைகளைத் தடுக்கும் புற்றுநோய் மருந்துகளைப் பற்றிய ஆய்வில் ஈடுபட்டிருக்கும் மாணவன் நான்.

செல் வளர்ச்சிச் சமிக்ஞையில் பங்குள்ள பிராஃப் (BRAF) மரபணுவில் வி600இ (V600E) என்ற பிறழ்வு கொண்ட மெலனோமா எனும் தோல் புற்றுநோய்க்கு 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வெமுராஃபெனிப் என்ற பிராஃப் தடுப்பு மருந்து, அதே பிறழ்வுள்ள பெருங்குடல் புற்றுநோயில் தனியாகக் கொடுக்கப்படும்போது பெரும்பாலும் பலனளிப்பதில்லை. அதே பாதையில் பிராஃபுக்குக் கீழே இருந்து செல்லைப் பெருகத் தூண்டும் இஆர்கே (ERK) புரதத்தின் செயல் மருந்தால் குறைந்ததும், அதுவரை இஜிஎஃப்ஆர் (EGFR) என்ற செல்பரப்பு ஏற்பியை அடக்கி வைத்திருந்த பின்னூட்டமும் தளர்ந்துவிடுவதால், அந்த ஏற்பி ராஸ் (RAS) என்ற புரதத்தின் வழியாகப் பாதையை மறுபடி இயக்குகிறது. என்கோராஃபெனிப் என்ற மற்றொரு பிராஃப் தடுப்பு மருந்துடன், இஜிஎஃப்ஆரைத் தடுக்கும் செடுக்சிமாப் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை 2020-இல் அனுமதிக்கப்பட்டது இந்தப் புரிதலின் பயன்தான்; ஒரே பிறழ்வு திசுவுக்குத் திசு வேறுவிதமாக நடந்துகொள்வதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

என் சிக்கல் அளவீட்டில் இருக்கிறது. எச்டி-29 எனும், இதே பிறழ்வுள்ள பெருங்குடல் புற்றுநோய்ச் செல்களில் மருந்து சேர்த்த 1 மணி நேரத்தில் பாஸ்போ-இஆர்கே (பாஸ்பேட் ஏறிய, செயல்படும் இஆர்கே) தெளிவாகக் குறைகிறது. ஆனால் 24 மணி நேரத்தில் ஒரு முறை மீண்டும் உயர்கிறது, மறுமுறை உயர்வதே இல்லை. வளர்ப்பு ஊடகத்திலுள்ள சீரத்தின் (வளர்ச்சிக் காரணிகள் கொண்ட இரத்த நீர்மம்) அளவு, செல்களின் அடர்த்தி ஆகிய இரண்டில் எதை முதலில் சரிபார்ப்பது நல்லது? இடையில் எந்தெந்த நேரங்களில் மாதிரி எடுப்பீர்கள்? மருந்தின் வீரியம் குறைவதால் வரும் உயர்வையும் பின்னூட்டத்தால் வரும் உயர்வையும் பிரித்தறிய, புதிதாக மருந்து கலந்த ஊடகத்தை மாற்றிப் பார்த்தால் போதுமா, அல்லது இஜிஎஃப்ஆரின் பாஸ்பேட் ஏற்றத்தையும் சேர்த்தே அளக்க வேண்டுமா? வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களைப் பிரித்து இனங்காணும் சோதனை) செய்து பழகியவர்கள் தரும் சிறு குறிப்பும் எனக்குப் பேருதவியாக இருக்கும்.