மறு: ‘ஸ்கிரீனிங் வினாத்தாள்’ – தற்கூற்றுச் சல்லடை என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

> சுய அறிக்கை முன்கண்டறிதல் வினாத்தாள் – இதையே முடிவாக வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் என்பேன். இதயநோய் இருக்கக்கூடியவர்களைக் கேள்வி கேட்டுப் பிரித்தெடுக்கும் ‘செல்ஃப்-ரிப்போர்ட் ஸ்கிரீனிங் கொஸ்டினேர்’ என்பதற்கான தமிழ்ச்சொல் இது; நோய் இருப்பதே தெரியாமல் நடமாடும் ஒருவரின் கையில் போய்ச் சேரப்போகிறது. அவசரப்பட வேண்டாம்.

‘வினாத்தாள்’ என்றதும் தேர்வு நினைவு வருகிறது. சரியான விடை எழுதியாக வேண்டும் என்ற பயமும் கூடவே வருகிறது. ‘வினாநிரல்’ போதும். கேள்விகளின் வரிசைக்கும் இங்கே வேலை இருக்கிறது. பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெஃப்ரி ரோஸ் 1962-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியிட்ட நெஞ்சுவலிக் கேள்விகளைப் பாருங்கள். மேட்டில் ஏறும்போதோ விரைந்து நடக்கும்போதோ வருகிறதா, வந்தால் என்ன செய்கிறீர்கள், நின்றால் போய்விடுகிறதா, 10 நிமிடத்துக்குள்ளா, எந்த இடத்தில் என்று ஒரு விடையிலிருந்து அடுத்த கேள்வி பிறக்கிறது. நிரல் என்பது அதுதானே.

‘சுய அறிக்கை’ ஏதோ கையெழுத்திட்டுச் சமர்ப்பிப்பது போல ஒலிக்கிறது. ‘தன்மதிப்பீடு’ அதைவிடத் தவறு. அவர் எதையும் மதிப்பிடவில்லை, உடம்பில் உணர்ந்ததைச் சொல்கிறார், அவ்வளவுதான். ‘தானே நிரப்பும்’ என்பதும் வேறு பொருள். ரோஸின் கேள்விகளை முதலில் வேறொருவர் கேட்டுக் குறித்துக்கொண்டார். தானே நிரப்பும் வடிவம் 1977-இல் வந்தது. பேனா யார் கையில் இருந்தாலும் சொல் அவருடையது. எனவே ‘தற்கூற்று’. கூற்று என்றால் எமன் அல்லவா, இதயநோய்க்குப் போய் இதுவா என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் தலைவி கூற்று, தோழி கூற்று என்று பள்ளியிலிருந்தே படித்து வந்திருக்கிறோம். அந்தப் பழக்கம் நமக்குக் கைகொடுக்கும்.

அடுத்தது ஸ்கிரீனிங். என் முக்கியமான மறுப்பு இதில்தான். ‘திரையிடல்’ படம் காட்டுவது. ‘முன்கண்டறிதல்’ செய்யாத வேலையைச் செய்ததாகச் சொல்கிறது. இந்தக் கேள்விகள் எதையும் கண்டறிவதில்லை. இவரை ஈசிஜிக்கும் மருத்துவரிடமும் அனுப்பலாம் என்று பிரித்துக் கொடுக்கின்றன. கண்டறிதல் அதற்கு அப்புறம்தான். ‘சலிப்பு’ என்று வைத்தால் அலுப்பு என்ற பொருள் முந்திக்கொள்ளும். ‘சல்லடை’க்கு அந்தச் சிக்கல் இல்லை. சல்லடைக்குக் கண் உண்டு என்பது நமக்குக் கூடுதல் வசதி. கண் பெரிதானால் நோயுள்ளவரும் நழுவிப்போவார்; சிறிதானால் நோயில்லாதவரும் மேலே தங்கிவிடுவார். சென்சிடிவிட்டி (நோயுள்ளவரைத் தவறவிடாமல் பிடிப்பது), ஸ்பெசிஃபிசிட்டி (நோயில்லாதவரைச் சரியாக விட்டுவிடுவது) என்று பக்கம் பக்கமாக விளக்குவதை இந்தப் படிமம் ஒரே வரியில் புரியவைக்கிறது. பெண்களிடம் இந்த விடைகள் மற்ற சோதனை முடிவுகளோடு அவ்வளவாக ஒத்துப்போவதில்லை. சர்க்கரை நோயாளிகள் சிலருக்கு வலியே தெரியாமல் இதயக் குழாயில் அடைப்பு இருக்கும். வலியைக் கேட்கும் கேள்வி அவர்களைப் பிடிக்காது. சல்லடை என்று சொல்லிவிட்டால் இந்தக் குறைகளும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மொழிபெயர்த்த கேள்விகளை என் அத்தையிடம் படித்துக் காட்டினேன். “நெஞ்சுவலி வந்ததுண்டா?” “அதெல்லாம் ஒன்றும் கிடையாது.” அடுத்ததாக, “பாரமாகவோ அழுத்துவது போலவோ இருந்ததுண்டா?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். “மாடிப்படி ஏறினா கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கும். நின்னா போயிடும். அது வாயுப்பா.” உள்ளங்கையை நடு நெஞ்சில் வைத்துக் காட்டினார். மறுநாளே மருத்துவரிடம் அழைத்துப்போனோம். இப்போது சிகிச்சையில் இருக்கிறார். வலி இல்லை என்றவரிடம் பாரம் உண்டா என்று கேட்கும் அந்தக் கேள்வி ரோஸின் மூலத்திலேயே உண்டு. இரண்டும் ஒன்றுதானே என்று என் முதல் வரைவில் நான்தான் வெட்டியிருந்தேன். நல்லவேளையாகத் திரும்பச் சேர்த்தேன். மூலத்தில் வலியோடு சேர்ந்து வரும் ‘டிஸ்கம்ஃபர்ட்’டையும் தயவுசெய்து ‘அசௌகரியம்’ ஆக்க வேண்டாம். ‘நெஞ்சில் ஒரு மாதிரியாக இருப்பது’ என்று எழுதினால்தான் விடை வருகிறது.

ஆக, என் முன்மொழிவு: தற்கூற்றுச் சல்லடை வினாநிரல். புழக்கத்தில் ‘சல்லடை வினாநிரல்’ போதும். ‘ஸ்கிரீன் பாசிட்டிவ்’ ஆனவரை, அதாவது விடைகளை வைத்து நோய் இருக்கலாம் என்று பிரிக்கப்பட்டவரை, ‘நோயாளி’ என்று எழுதிவிடக் கூடாது. ‘சல்லடையில் தங்கியவர்’ என்று வைத்துப் பார்த்தேன், கொஞ்சம் நீளமாக இருக்கிறது. இதைவிடச் சுருக்கமான சொல் யாரிடமாவது இருக்கிறதா?

அன்புடன்